படகுக்கு இஞ்சின் மட்டும் போதுமா?

மூலக்குளத்தில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. விழுப்புரம் சாலையில் போகும் ஸ்கூட்டர் திடீரென்று நின்றுவிட்டால் யாரும் கலங்குவதில்லை. சற்றுத் தூரம் தள்ளிக்கொண்டு போனால் பழுது பார்க்கும் கடை ஒன்று கண்ணில் படும். கரியும் எண்ணெயும் படிந்த கையோடு ஒருவர் எழுந்து வருவார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார், ஊதுவார், மாட்டுவார். வண்டி கிளம்பிவிடும். ஆனால் கரையே கண்ணுக்குத் தெரியாத தொலைவில், நடுக்கடலில் ஒரு படகின் இஞ்சின் நின்றுவிட்டால்? அங்கே தள்ளிக்கொண்டு போகச் சாலை ஏது? எழுந்து வர ஆள் ஏது?

இந்தக் கேள்வியை எங்கள் மனத்தில் எழுப்பியவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கு வருபவள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயன்றும் வரவில்லை. புதனன்று வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் போன படகின் இஞ்சின் கடலில் நின்றுவிட்டதாம். ஓர் இரவும் ஒரு பகலும் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மிதந்திருக்கிறார்கள். வேற்றூர்ப் படகொன்று கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்திருக்கிறது. "எதனால் நின்றது?" என்று கேட்டோம். "உள்ளே ஒரு சின்ன ரப்பர் சக்கரம் தேய்ந்து போச்சாம்" என்றாள்.

ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இரண்டு உயிர்களை ஓர் இரவு முழுவதும் ஊசலாட வைத்ததா? எங்களால் நம்ப முடியவில்லை. அறிவியல் பாடம் நடத்தும் எங்கள் சிஸ்டரிடம் போய்க் கேட்டோம். அவர்கள் சிரித்துவிட்டு, "புத்தகத்தில் தேடாதீர்கள், கடற்கரையில் தேடுவோம்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை எங்களை வீராம்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் கண்டதையும் கேட்டதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையாகத் தருகிறோம்.

வெளியே தொங்கும் இஞ்சின்

மோட்டார் காரில் இஞ்சின் உள்ளே இருக்கும். பெரிய விசைப்படகிலும் அப்படியே. ஆனால் சிறிய படகுகளில் இஞ்சினைப் படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆகவே அதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். மேலே தலை, நடுவில் நீண்ட கால், அடியில் நீரைத் தள்ளும் புரொப்பெல்லர் என மூன்று பாகங்கள். பிடியைத் திருப்பினால் இஞ்சினே திரும்பும். தனியாகச் சுக்கான் வேண்டியதில்லை. கரையை நெருங்கும்போது மணலில் இடிக்காதபடி அதை மேலே தூக்கிவிடலாம். துறைமுகம் இல்லாத, அலை உடையும் மணற்கரைகளில் படகை ஏற்றி இறக்கும் நம் மீனவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று சொல்லவும் வேண்டுமா? இதுவன்றி, நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் வைத்த டீசல் இஞ்சின்களும் நம் சோழமண்டலக் கரையில் பழக்கத்தில் உள்ளன.

இந்த இஞ்சின் உலகெங்கும் பரவியதற்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு உண்டு. நார்வே நாட்டில் 1877-இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர் ஓலே எவின்ரூட். ஒரு கோடைநாளில் தாம் மணக்கவிருந்த பெஸ் என்ற பெண்ணுக்காக ஏரியில் துடுப்புப் போட்டுச் சென்று ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். 'துடுப்புக்குப் பதில் மோட்டார் இருந்தால்?' என்ற எண்ணம் அப்போது பிறந்தது என்று சொல்வார்கள். அவருக்கு முன்பும் சிலர் இத்தகைய மோட்டார் செய்திருந்தாலும், 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்ததே பெரும் வெற்றி கண்டது. அதன் திறன் ஒன்றரைக் குதிரைத் திறன்தான். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, விளம்பரம் ஆகிய அனைத்தையும் கவனித்து அந்தத் தொழிலை நிலைநிறுத்தியவர் பெஸ் அம்மையார். இஞ்சின் ஆண்களின் சமாசாரம் என்று நினைக்கும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்!

நம் கரைக்கு வந்த வழி

நம் நாட்டில் மீன்பிடி படகுகளுக்கு இஞ்சின் பொருத்தும் பெருமுயற்சியும் நார்வேயோடு தொடர்புடையதே. 1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் வேலை தொடங்கியது. உள்ளூர் வள்ளங்கள் இஞ்சினைத் தாங்க ஏற்றவையாக இல்லாததால், டீசல் இஞ்சினை உள்ளே பொருத்தும் புதிய படகுகள் கட்டப்பட்டன. பெரிய படகுகளுக்கு வேண்டிய தொழிலாளரைப் பயிற்றுவிக்க 1963-இல் கொச்சியில் மத்திய அரசு ஒரு நிறுவனத்தையும் ஏற்படுத்தியது. இன்று சிஃப்நெட் என்று அழைக்கப்படும் அந்நிறுவனத்தின் கிளை சென்னையிலும் உண்டு. படகோட்டவும் கடல் இஞ்சின்களைப் பராமரிக்கவும் அங்கே முறையாகக் கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் கட்டுமரக்காரருக்கும் சிறு வள்ளக்காரருக்கும் இஞ்சின் வந்தது பிறகுதான். விசைப்படகுகள் பெருகி, கரையோர மீன்வளம் குறைந்தபோது, துடுப்பையும் பாயையும் மட்டும் நம்பியிருந்தவர்கள் இன்னும் தொலைவு போக வேண்டியதாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் கேரளக் கரையில் அவுட்போர்டு மோட்டார்கள் வேகமாகப் பரவின. ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாட்டுப் படகுகளுக்கு இஞ்சின் பொருத்த அரசு மானியமும் கிடைத்தது.

அதே காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தது நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கோட்டாறு சமூக சேவைச் சங்கம் மீனவர்களை ஊர்தோறும் சங்கங்களாகச் சேர்த்து வந்தது. முட்டம் என்ற கடலோர ஊரில் பெல்ஜியம் நாட்டவரான பியேர் ஜிலே என்பவர், கட்டுமரத்துக்கு மாற்றாகப் பிளைவுட் பலகையில் சிறு படகு கட்டும் வேலையில் இறங்கினார். உள்ளூர் இளைஞர்களே அந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். தம் அனுபவங்களை அவர் 1985-இல் நூலாக எழுதியபோது, அதற்கு வைத்த தலைப்பு 'சிறியது கடினம்' என்ற பொருள் தருவது. சிறியதே அழகு என்று பேசிய காலம் அது! ஒரு புதிய பொருளை ஊருக்குள் கொண்டு வருவது எளிது, அதைச் செய்யவும் காக்கவும் தெரிந்த கையை ஊருக்குள் உருவாக்குவதே கடினம் என்பதை அந்தத் தலைப்பு எங்களுக்கு நினைவூட்டியது.

ஊர்ச் சங்கங்கள் மாவட்ட அளவில் இணைந்து, 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சிஃப்ஸ் என்று சுருக்கமாக அழைப்பார்கள். மீன் விற்பனை, சேமிப்பு, கடன் ஆகியவற்றோடு நில்லாமல் அது படகு கட்டும் தளங்களையும் நடத்தியது. அவுட்போர்டு மோட்டார்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து உறுப்பினர்களுக்கு வழங்கியது. அத்துடன், பழுது பார்க்கும் பட்டறைகளையும் உதிரி பாகங்களையும் கடற்கரைக்கே கொண்டு வந்தது. இஞ்சினை விற்பவன் வேறு, பழுது பார்ப்பவன் வேறு, மீனவன் வேறு என்று பிரிந்து கிடந்ததை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த முயற்சி அது.

நம் கரையில் பெரும் மாற்றம் வந்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு. சுனாமி நாட்டுப் படகுகளை அடித்துச் சென்றது. உதவி செய்ய வந்தவர்கள் ஃபைபர் படகுகளையும் இஞ்சின்களையும் வாரி வழங்கினார்கள். ஆனால் பல ஊர்களில் இஞ்சின்கள் வந்த வேகத்துக்கு அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆட்கள் வரவில்லை. இந்தக் குறையை உணர்ந்த சில அமைப்புகள் மீனவ இளைஞர்களுக்குப் பழுது பார்க்கும் பயிற்சி அளித்தன. எங்களுக்கு விளக்கம் சொன்ன வீராம்பட்டினத்து அண்ணனும் அப்படி ஒரு பயிற்சியில் கற்றவர்தான்.

உப்பு என்னும் எதிரி

அண்ணன் ஓர் இஞ்சினின் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை அருகே அழைத்தார். "ரோட்டுல ஓடுற வண்டிக்குத் தூசிதான் எதிரி. எங்களுக்கு உப்பு. உப்பைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை தெரிஞ்ச மாதிரிதாம்மா" என்றார்.

இந்த இஞ்சினுக்குக் காரைப் போல் ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த நீரை உறிஞ்சுவதுதான் எங்கள் தோழி சொன்ன ரப்பர் சக்கரம். அதன் பெயர் இம்பெல்லர். அது நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய வழி உண்டு. இஞ்சின் ஓடும்போது பக்கத்தில் உள்ள சிறு துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது நின்றால் உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் சூடு ஏறி பிஸ்டன் இறுகிவிடும். மணல் கலந்த நீரில் அடிக்கடி ஓட்டினால் இம்பெல்லர் விரைவில் தேயும். பழுதாகும் முன்பே மாற்றிவிடுவதே அறிவுடைமை.

கரைக்கு வந்தபின் நன்னீர் நிரப்பிய டிரம்மில் இஞ்சினின் காலை இறக்கிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லையேல் உள்ளே தங்கிய கடல்நீர் காய்ந்து, உப்பு படிந்து, நீர் செல்லும் வழியை அடைத்துவிடும். குடத்துத் தண்ணீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் இஞ்சினுக்கு ஒரு டிரம் நன்னீர் என்பது எளிய காரியமன்று. அங்கே இஞ்சினின் ஆயுள் ஊர்க் குழாயையும் பொறுத்திருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். பல இஞ்சின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது கணக்கு. அதாவது 20 லிட்டருக்கு 400 மில்லி லிட்டர். "கண்ணளவுல ஊத்தினா குறைஞ்சா பிஸ்டன் போவும், கூடினா பிளக் கரி புடிக்கும்" என்றார் அண்ணன். விகிதக் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் படித்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் எளிதில் பற்றாது. எனவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். அதை மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்த முறை நடுக்கடலில் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் இஞ்சின் கிளம்பாது.

அடிப்பகுதியிலுள்ள கியர் எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உலோகம் அரிக்காமல் இருக்க ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தியிருப்பார்கள். இஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை! அதன்மேல் அழகுக்காகப் பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது. சில இஞ்சின்களில் புரொப்பெல்லரைத் தாங்கும் ஊசி ஒன்று உண்டு. பாறையிலோ மரத்திலோ இடித்தால் அந்த ஊசி உடைந்து, விலை மிகுந்த கியரைக் காப்பாற்றும். மாற்று ஊசி கையில் இல்லாதவர்கள் அவசரத்துக்கு ஆணியைச் சொருகிவிடுவதுண்டு. அடுத்த முறை ஆணி உடைவதில்லை, கியர் உடைகிறது.

கடலில் மூழ்கி எடுத்த இஞ்சினை வெயிலில் காய வைக்கலாமா என்று கேட்டோம். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். காற்றுப் பட்டவுடன் துரு ஏறத் தொடங்கிவிடுமாம். அன்றே நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு ஓட வைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் மெக்கானிக் வரும்வரை அதை நன்னீரிலேயே மூழ்க வைத்திருப்பது நல்லது. இது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

தொலைவு என்பது எது?

இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆயினும் கற்றவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இஞ்சினைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். உதிரி பாகம் இல்லை என்றால் காத்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை சுமார் 24 கிலோமீட்டர்தான்; எந்தக் குப்பத்திலிருந்தும் நகரத்துக்கு வந்துவிடலாம். ஆனால் இராமநாதபுரத்துக் கடற்கரையிலோ, தீவுகளிலோ வாழ்பவரின் நிலை என்ன? ஓர் ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மைல்கல் சொல்லாது. பழுதான இஞ்சின் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதே சொல்லும்.

அந்த நாட்களுக்கு விலை உண்டு. இஞ்சின் வாங்கப் பலர் மீன் ஏலம் விடுபவரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் பெறுகிறார்கள். அதற்கு ஈடாகப் பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். படகு கரையில் நிற்கும் நாளிலும் கடன் நிற்பதில்லை. மீன் நன்றாகக் கிடைக்கும் பருவத்தில் பத்து நாள் இழந்தால், அதை ஈடுகட்ட மறுபடி கடன். எங்கள் தோழியின் வீட்டில் அந்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம்தான் இழுவைக் கூலிக்கும் உதிரி பாகத்துக்கும் போயிற்று. அவள் படிப்பு தடைப்படாமல் தொடர்கிறது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு இப்படி ஓர் இஞ்சினோடு கட்டப்பட்டிருக்கிறதோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் கிரிபாட்டி போன்ற தீவு நாடுகளிலும் இதே கதைதான். இஞ்சின் நின்று, சிறு படகில் வாரக்கணக்கில் மிதந்து போனவர்களைப் பற்றிய செய்திகள் அங்கிருந்து வருவதுண்டு. கடல் வேறானாலும் கண்ணீர் ஒன்றுதான்.

பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

அண்ணனிடம் பேசியதிலிருந்து நல்ல பயிற்சிக்குச் சில இலக்கணங்கள் உண்டு என்று அறிந்தோம்.

முதலாவது, ஊருக்கு ஒருவரன்று, இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கடலுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் இருப்பார்.

இரண்டாவது, பளபளக்கும் புது இஞ்சினில் கற்றுக்கொடுத்தால் போதாது. துருவேறி, மரை தேய்ந்து, ஏற்கெனவே பலர் கை வைத்துக் கெடுத்த இஞ்சினில் கற்றுத் தர வேண்டும். ஊரில் அவர் கையில் வரப்போவது அதுதான்.

மூன்றாவது, பயிற்சி தொழிலைக் கெடுக்காத காலத்தில் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறி நிற்கும் நாட்களே அதற்கு ஏற்றவை.

நான்காவது, பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு ஸ்பேனர் பெட்டியும், பிளக், இம்பெல்லர், ஊசி முதலிய உதிரி பாகங்களும் கொடுக்க வேண்டும். "பேப்பரைக் காட்டினா நட்டு கழலுமா?" என்று அண்ணன் கேட்டபோது சிஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஐந்தாவது, கற்றுக்கொடுத்தவர் சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்து பார்க்க வேண்டும். மாணவனுக்குச் சந்தேகம் எழுவது வகுப்பில் அன்று; தனியாக வேலை செய்யும்போதுதான். மேலும் இஞ்சின்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டூ ஸ்ட்ரோக் இருந்த இடத்தில் இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் வருகிறது. ஒருமுறை கற்றது வாழ்நாளுக்கும் போதாது.

இவற்றோடு, மெக்கானிக்குக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது என்றும் அண்ணன் சொன்னார். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் பிளக் மாற்றவும், நீர்த்தாரையைக் கவனிக்கவும், மாற்று ஊசி வைத்திருக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் ஊரில் இருந்தாலும் வீட்டில் முதலுதவி தெரிந்திருக்க வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

திரும்பி வரும் வழியில் எங்கள் தோழி ஒரு யோசனை சொன்னாள். அவள் வீட்டில் மீன் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் அவள் அம்மா கையில்தான். அப்படியானால் இஞ்சின் கணக்கும் ஏன் இருக்கக் கூடாது? அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டங்கள் போட்டோம். தேதி, ஓடிய மணி நேரம், ஊற்றிய பெட்ரோல், கலந்த எண்ணெய், நன்னீரில் கழுவியது உண்டா இல்லையா, பிளக் மாற்றிய நாள், இம்பெல்லர் மாற்றிய நாள், கியர் எண்ணெயின் நிறம். முதலில் அவளுடைய அப்பா, "என் இஞ்சினுக்கு நீ மார்க் போடப் போறியா?" என்று கேலி செய்தாராம். இப்போது கரைக்கு வந்ததும் அவரே, "பாப்பா, நோட்டை எடு" என்கிறாராம். இம்பெல்லரை மாற்ற வேண்டிய நாள் நெருங்கியதை அந்த நோட்டுதான் இம்முறை முன்கூட்டியே சொன்னது.

பெண்கள் ஸ்பேனர் பிடிக்கலாமா என்று எங்களில் ஒருத்தி அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பிளக்கையும் ஸ்பேனரையும் அவள் கையில் கொடுத்து, "மாட்டு" என்றார். அவள் மாட்டினாள். "கையால முதல்ல திருவு, அப்புறம் ஸ்பேனர். எடுத்த எடுப்புல ஸ்பேனர் போட்டா மரை போயிடும்" என்று திருத்தினார். அவ்வளவுதான். அந்தக் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று இஞ்சின் கேட்கவில்லை.

பெற்றோர்களே, பெரியோர்களே! இஞ்சின் வாங்க மானியமும் கடனும் கிடைப்பது நல்லதே. ஆனால் பழுது பார்க்கும் கை இல்லாத ஊருக்குக் கொடுத்த இஞ்சின், கரையில் கிடக்கும் கடன் பத்திரமே. தோழியரே! நாம் படிக்கும் விகிதமும் வெப்பமும் உலோக அரிமானமும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அவை நம்மில் ஒருத்தியின் தந்தையைக் கரை சேர்க்கும்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, கரையேறும் படகின் பின்புறத்தைச் சற்றுக் கவனியுங்கள். இஞ்சினின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது தெரிந்தால் மனநிறைவோடு திரும்பி வாருங்கள். அந்தப் படகு நாளையும் கடலுக்குப் போகும்.